காற்று பிடுங்கப்படும்: புதுக்கோட்டை நோ பார்க்கிங் சாசனங்கள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

புதுக்கோட்டை கல்வெட்டுக்குப் பேர் போன மாவட்டம். குடுமியான்மலையில் சங்கீதத்தையே பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சித்தன்னவாசல், நார்த்தாமலை, திருமயம் என்று எந்தக் குன்றைத் தடவினாலும் கையில் எழுத்துத் தட்டுப்படும். சமஸ்தானம் இருந்தபோதே, 1929-இல், மூலபாடங்களைத் தொகுத்து அச்சேற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அறிஞர்கள் வந்தார்கள், மைப்படி எடுத்தார்கள், பஸ் ஏறிப் போனார்கள். போகிற வழியில் கீழ ராஜ வீதியின் ஷட்டர்களிலும் சுவர்களிலும் கேட்டுகளிலும் எழுதியிருக்கும் இன்னொரு சாசனத் தொகுதியை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நோ பார்க்கிங் சாசனங்களைத்தான் சொல்கிறேன்.

இந்தப் புறக்கணிப்பு மன்னிக்கத்தக்கதன்று. கல்வெட்டைத் தப்பாகப் படித்தால் ஒரு சோழன் இன்னொரு சோழன் ஆவான், ஆய்வாளர்கள் இருவர் இருபது வருஷம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், நஷ்டம் அவ்வளவுதான். இந்தச் சாசனத்தைத் தப்பாகப் படித்தால் 500 ரூபாய். மறுபடியும் தப்பாகப் படித்தால் 1,500.

சாசன வகைகளும் பாடபேதங்களும்

சாசனங்களை வெளியிட்டவர் யார் என்பதைக் கொண்டே வகைப்படுத்த வேண்டும். முதலில் வருவது அரசு சாசனம். நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. எழுத்தே கிடையாது. ஒரு கோடு இருந்தால், வண்டியை நிறுத்திவிட்டுப் போகாதே என்று பொருள். அப்பத்தாவைப் பையோடு இறக்கிவிட்டு உடனே நகர்ந்தால் குற்றமில்லை. கோடு இரண்டாகிப் பெருக்கல் குறி ஆகிவிட்டால் நிற்கவே நிற்காதே என்று பொருள். அப்பத்தா ஓடும் வண்டியிலிருந்து இறங்க முடியாது என்பதால், அவரை வேறெங்காவதுதான் இறக்க வேண்டும். இந்த வேறுபாட்டை எல்.எல்.ஆர். தேர்வுக்கு முந்திய இரவு எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம். எட்டுப் போட்டு முடித்துக் காலை ஊன்றுகிற நொடியில் அது மூளையிலிருந்து இறங்கிப் போய்விடுகிறது.

இரண்டாவது, வணிகர் சாசனம். வெள்ளைப் பட்டையில் சிவப்புப் பெயின்ட். இதில் பாடபேதங்கள் ஏராளம். 'நோ பார்க்கிங்' என்பதே மூலபாடம் என்று கொண்டால், ஒற்றுக் குறைந்து 'நோ பார்கிங்', மேலும் குறைந்து 'நோ பாகிங்', ரகரம் கெட்டுக் ககரம் இரட்டித்து 'நோ பாக்கிங்' என்று கிளைகள் பிரிகின்றன. கடைசி வடிவம் ஜவுளிக்கடைப் பக்கத்துச் சந்துகளில் அதிகம். அங்கே நிஜமாகவே பேக்கிங் நடந்துகொண்டிருப்பதால் படிப்பவருக்குச் சற்றுக் குழப்பம் ஏற்படும். பழைய செப்பேடுகளின் முடிவில் எழுதிய ஆசாரி தன் பெயரை வெட்டிக்கொள்வதுபோல, இங்கேயும் கீழ் மூலையில் ஏதோ ஒரு 'ஆர்ட்ஸ்' பெயரும் போன் நம்பரும் இருக்கும். நம்பருக்குப் பத்து இலக்கம் இல்லையென்றால் சாசனம் செல்போனுக்கு முந்தியது என்று கணிக்கலாம்.

அடுக்குகளையும் கவனிக்க வேண்டும். மச்சுவாடிக்குப் போகும் பக்கம் ஒரு காம்பவுண்டுச் சுவரில் அடியில் ஒரு கட்சிச் சின்னம், அதற்கு மேல் சுண்ணாம்பு, அதற்கு மேல் நோ பார்க்கிங், அதன் வலப்பாதியை மறைத்து ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. கிழித்துப் பார்க்காமல் படித்தால் 'நோ' மட்டும்தான் எஞ்சியிருக்கிறது. அதன் கீழே காலமானவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சுவரோரமாக நாலு டூவீலர் நின்றன.

மூன்றாவது இல்லத்தார் சாசனம். 'கேட் முன் வண்டி நிறுத்தாதீர்' என்பது போன்றவை. மூன்றிலும் மரியாதை விகுதி காணப்படுவது இதில் மட்டும்தான். ஆனால் விகுதி மரியாதையாக இருந்தாலும் உள்ளே நாய் இருக்கும்.

ஓம்படைக் கிளவி

கோயிலுக்கு நிலமோ ஆடோ விளக்கோ கொடுத்த எந்தக் கல்வெட்டும் சும்மா முடிவதில்லை. இந்தத் தர்மத்தைக் காப்பவன் பாதம் என் தலைமேல் என்றும், அழிப்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்றும் ஓம்படை இருக்கும். நோ பார்க்கிங் சாசனத்துக்கும் ஓம்படை உண்டு. 'மீறினால் காற்று பிடுங்கப்படும்.'

இது செயப்பாட்டுவினையில் இருப்பதைக் கவனியுங்கள். பிடுங்கப்படும், யாரால் என்று சொல்லவில்லை. தெய்வம் நின்று பிடுங்குமோ, கடைக்காரர் அன்றே பிடுங்குவாரோ என்ற ஐயத்திலேயே வண்டிக்காரர் நடுங்க வேண்டும். கள ஆய்வில் தெரிவது, கடையில் வேலைக்கு நிற்கும் பையன்தான் பிடுங்குகிறான். வால்வு மூடியைத் திருகி எடுத்துவிட்டு உடைந்த தீக்குச்சியால் அழுத்துவது வழக்கம். உஸ் என்ற ஒலி மூன்று கடை தள்ளிக் கேட்கும். மூடியைத் திரும்பப் போடுகிறவன் நல்ல பையன்.

சட்டப்படி இந்த ஓம்படைக்கு என்ன வலு? மோட்டார் வாகனச் சட்டம், 1988. பிரிவு 127-ஐ எடுத்துக்கொள்வோம். பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் கிடக்கும் வண்டியையும், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திய வண்டியையும் இழுத்துச் செல்லவோ சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ அனுமதிக்கலாம். அனுமதிப்பவர் சீருடையில் இருக்கும், அந்த எல்லைக்கு உட்பட்ட காவல் அதிகாரியாக இருக்க வேண்டும். இழுத்த செலவு வண்டிக்காரர் தலையில். காற்று, வால்வு, தீக்குச்சி ஆகியவை பற்றிப் பிரிவு 127 வாய் திறக்கவில்லை. ஆக, ஊரில் அதிகம் எழுதப்பட்ட, அதிகம் அஞ்சப்படும் தண்டனைக்குச் சட்டத்தில் இடமே இல்லை. நீல வட்டத்தைக் கண்டு தயங்காத கால், தீக்குச்சியை நினைத்ததும் வண்டியை எடுத்துவிடுகிறது.

இந்த இடத்தில் உலக வரலாற்றையும் தொட்டுவிடுவது ஆராய்ச்சிக்கு அழகு. கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் அசீரியப் பேரரசன் செனகெரிப் தன் தலைநகர் நினிவேயில் ராஜபாட்டை ஒன்றை அகலப்படுத்திக் கல்நட்டு வைத்தான். அந்தப் பாட்டையை நெருக்கினால் கழுவேற்றம். இதையே உலகின் முதல் நோ பார்க்கிங் போர்டு என்று சொல்லித் திரிபவர்கள் இருக்கிறார்கள். கல்லைப் படித்தால் தெரியும், அது தேர் நிறுத்துபவனுக்கு எழுதியதன்று; வீட்டைக் கட்டும்போது அஸ்திவாரத்தைப் பாட்டைக்குள் தள்ளுபவனுக்கு எழுதியது. அவன் வீட்டின் மேலேயே அவனைக் கழுவேற்ற வேண்டும் என்பது ஆணை. நம் ராஜ வீதிகளில் கடைப்படி ஒரு முழம், அதற்கு முன்னால் பைக் ஏற்றும் சாய்தளம் ஒரு முழம், அதற்கு முன்னால் ஜெனரேட்டர், அதற்கும் முன்னால் தள்ளுபடி அறிவிக்கும் பெண்ணின் ஆளுயர ஃப்ளெக்ஸ், இவ்வளவும் முடிந்து மிஞ்சிய தார் மேல் 'நோ பார்க்கிங்' என்று எழுதியிருப்பதைச் செனகெரிப் பார்த்தால் கழுமரத்துக்கு டெண்டர் விட்டிருப்பான்.

சாசனத்தின் உண்மைப் பொருளை அறிய ஓர் உரையாடலை அப்படியே தருகிறேன். இடம் தெற்கு ராஜ வீதி, நேரம் காலை பதினொன்று.

"தம்பி, போர்டப் பாத்தீகளா?"

"பாத்தேண்ணே. ரெண்டே நிமிஷம்ணே."

"நம்ம கடைக்கு வந்தீகளா?"

"இல்லண்ணே, பேங்க்ல ஒரு கையெழுத்து."

"அப்ப பேங்க் வாசல்ல போடுறது."

"அங்கயும் போர்டு இருக்குண்ணே."

"அவுக வச்சிருக்காகன்னா எங்க வாசல்ல வந்து போடுவீகளோ? சரி, மகளுக்குக் காலேஜ் பை ஏதும் பாக்குறீகளா? புது ஸ்டாக் வந்திருக்கு."

ஆக, 'நிறுத்தாதே' என்பது இச்சாசனத்தின் மேலோட்டமான பொருள். உட்பொருள், வாங்காமல் நிறுத்தாதே. ஒரு கர்ச்சீப்பு வாங்கினால் நோ பார்க்கிங் பார்க்கிங்காக மாறிவிடுகிறது. கடைக்கு முன்னால் கிடக்கும் தார்ச்சாலை கடைக்காரருக்குப் பட்டா ஆன இடமில்லை என்பதை இங்கே யாரும் கிளப்புவதில்லை. 1912-இல் நகராட்சியாகி 2024-இல் மாநகராட்சியான ஊர் அது, சாலை பொதுச்சொத்து. எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று குறிக்கும் அதிகாரம் பிரிவு 117-இன் கீழ் அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்தவருக்கும்தான், அதுவும் உள்ளாட்சியைக் கலந்துகொண்டு. பெயின்ட் டப்பாவுக்கு அந்த அதிகாரம் வழங்கப்படவில்லை.

தனியார் சாசனங்கள் இரண்டில் இல்லத்தாருடையதற்கு மட்டும் பின்னால் சட்டம் நிற்கிறது. ஒரு வளாகத்தின் வாசலை மறித்து வண்டி போடக் கூடாது. போர்டு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

போர்டு இல்லாத இடங்கள்

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் ஆராய்ச்சியின் உயிர்நாடி இருக்கிறது. தண்டம் கட்டியவர்கள் பெரும்பாலும் சொல்வது "சார், இங்க போர்டே இல்லையே" என்பதுதான். போர்டைக் கண்டால் நம்பாத ஜனம், போர்டு இல்லாததை முழுதாக நம்புகிறது. சட்டமோ போர்டில் இல்லை, சாலையின் வடிவத்தில் இருக்கிறது.

1988-ஆம் வருஷத்துச் சட்டத்தோடு ஒட்டி 1989-இல் சாலை விதிகள் வந்தன. 2017 ஜூனில் அவற்றை எடுத்துவிட்டு ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் என்று புதிதாகக் கொண்டுவந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், போர்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறுத்தக் கூடாத இடங்கள் வரிசையாக வரும். நடைபாதை, பாதசாரிகள் கடக்கும் வரிக்கோடு, பஸ் நிறுத்தம், பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி வாசல், வளைவு, சாலைச் சந்திப்பு, நிற்கும் வண்டிக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசை, சாலையின் தப்பான பக்கம், போக்குவரத்துக் குறியை மறைக்கும் இடம். நோ பார்க்கிங் போர்டை மறைத்து நிறுத்தினால் ஒரே நிறுத்தத்தில் இரண்டு விதிகளை மீறிய பெருமை சேரும். பழைய விதிகளில் மலை உச்சியிலும் நிறுத்தக் கூடாது என்று இருந்தது. ஏறி இறங்கும் சாலை மேட்டை மனதில் வைத்து எழுதியது அது. திருமயம் கோட்டை உச்சிக்கு ஸ்கூட்டியை ஏற்றிவிடுவார்களோ என்ற அச்சத்தில் எழுதியது என்று ஒரு கட்சி வாதிடுகிறது, ஏற்பதற்கில்லை.

இந்த வரிசையில் புதுக்கோட்டைக்கென்றே எழுதியது போல ஒன்று உண்டு. சாலைச் சந்திப்பின் விளிம்பிலிருந்து 50 மீட்டருக்குள் நிறுத்தக் கூடாது.

இதன் விளைவை உணர வேண்டுமானால் ஊரின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விஜய ரகுநாதத் தொண்டைமான் காலத்தில், தஞ்சாவூர் ரெசிடென்ட் பிளாக்பர்ன் துரையின் யோசனையோடு ஊர்த் தெருக்களை நேர்நேராகப் போட்டார்கள். அரண்மனையைச் சுற்றி நாலு ராஜ வீதி. அவற்றுக்குப் பின்னால் கிழக்கு இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நாலாம் வீதி. அப்படியே தெற்கு, மேற்கு, வடக்கு. ஒன்றை ஒன்று செங்கோணத்தில் வெட்டிக்கொண்டு போகும். பார்க்க அவ்வளவு அழகு. திவான் சேஷய்ய சாஸ்திரி காலத்தில் குளங்களையும் திருத்தி இன்னும் அழகாக்கினார்கள். ஆனால் அழகுக்கு ஒரு விலை உண்டு: தெரு நேராக இருந்தால் முக்கு அதிகம். ஒரு முக்கிலிருந்து 50 மீட்டர், அடுத்த முக்கிலிருந்து 50 மீட்டர். இரண்டு முக்குகளுக்கு நடுவே உள்ள துண்டு 100 மீட்டருக்குக் குறைந்தால் அங்கே சட்டப்படி நிறுத்தத்தக்க இடத்தின் நீளம் பூஜ்யம். 100-க்குக் குறையாத துண்டிலோ நடுவில் பள்ளிக்கூடமோ பஸ் நிறுத்தமோ ஆஸ்பத்திரியோ கல்யாண மண்டப வாசலோ வந்து உட்கார்ந்திருக்கும். கோணல்மாணலாகத் தெரு போட்ட ஊர்க்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். நகரமைப்பில் நாம் அடைந்த மேன்மையே நம்மைக் கவிழ்த்திருக்கிறது.

நிழற் கோட்பாடு

வண்டிக்காரர் இடம் தேர்ந்தெடுப்பது சட்டத்தைப் பார்த்தா, கடையைப் பார்த்தா என்றால் இரண்டையும் பார்த்தல்ல, நிழலைப் பார்த்து. வெயிலில் நின்ற பைக் சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கீழ ராஜ வீதியும் மேல ராஜ வீதியும் தெற்கு வடக்காக ஓடுகின்றன. காலையில் கிழக்கு ஓரத்துக் கட்டடங்களின் நிழல் தெருவில் விழும். வண்டிகள் கிழக்கு ஓரத்தில் ஒட்டும். மாலையில் எல்லாம் மேற்கு ஓரத்துக்குக் குடிபெயரும். தெற்கு, வடக்கு ராஜ வீதிகள் கிழக்கு மேற்காக ஓடுவதால் அங்கே கணக்கு சற்று நுட்பமானது. வருஷத்தில் பெரும்பகுதி உச்சி வெயில் தெற்கேயிருந்து அடிப்பதால் தெற்கு ஓரத்தில்தான் நிழல். புதுக்கோட்டை பத்தரை பாகை அட்சத்துக்கு ஒட்டி இருப்பதால், சித்திரை பிறந்த சில நாளில் சூரியன் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே சாய்ந்துவிடும். ஆவணி பத்தாம் தேதி வாக்கில்தான் திரும்பும். அந்த நாலு மாதமும் நண்பகல் நிழல் வடக்கு ஓரத்துக் கட்டடங்களிலிருந்து விழும். பஞ்சாங்கம் பார்க்காமலே இந்த ஊர் வண்டிகள் அயன மாற்றத்தைக் கணித்து ஓரம் மாறுகின்றன.

சட்டத்துக்கு அட்சமும் தெரியாது, அயனமும் தெரியாது. இருவழித் தெருவில் வடக்கு நோக்கி வருபவருக்கு இடப்பக்கம் மேற்கு ஓரம். அவர் காலை நிழலுக்காகக் கிழக்கு ஓரத்துக்குத் தாவினால் அது தப்பான பக்கம். 500 ரூபாய். நிழலுக்கு இந்த ஊரில் அது நியாயமான விலை என்று கருதுவோரும் இருக்கிறார்கள்.

'ரெண்டு நிமிஷம்' என்னும் கால அலகு

நாழிகை, யாமம், முகூர்த்தம் ஆகியவற்றோடு சேர்க்க வேண்டிய அலகு இது. இதன் நீளம் காரியத்தைப் பொறுத்தது. மெடிக்கலில் மாத்திரை என்றால் சுமார் எட்டு நிமிடம். பெரியவர் ஒருவர் குடிக்கும் டீ என்றால் கால் மணி. நகைக்கடை என்றால் மாலை வரை. சட்டத்தில் இந்த அலகே கிடையாது. ஆளை இறக்கவோ சரக்கை இறக்கவோ ஆகும் நேரத்தைச் சட்டம் பொறுத்துக்கொள்ளும். ஆள் இறங்கி, உள்ளே போய், விலை கேட்டு, வேண்டாம் என்று வெளியே வந்து, மறுபடி உள்ளே போகும் நேரத்தைப் பொறுத்துக்கொள்ளாது.

இந்த அலகோடு சேர்ந்து வரும் இரண்டு காப்புகளையும் ஆராய வேண்டும். ஒன்று, நாலு பக்க இண்டிகேட்டர். விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் வண்டி நிற்கவில்லை, நிற்பதுபோல் பாவனை செய்கிறது என்று ஒரு நம்பிக்கை. அந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தத் தண்டமும் தள்ளுபடி ஆவதாக எந்தப் பிரிவும் சொல்லவில்லை. பேட்டரிதான் இறங்கும்.

இன்னொன்று, உட்கார்த்தி வைத்த பாட்டி. "ஆள் இருக்கு சார்!" காருக்குள் பாட்டியோ, பாட்டி கிடைக்காவிட்டால் ஏழாம் வகுப்புப் பையனோ இருந்தால் அது நிறுத்தியதாகாது என்பது பரவலான சித்தாந்தம். இதற்கு மூலம் பிரிவு 126-ஆக இருக்கலாம். அந்தப் பிரிவு, வண்டி நிற்கும்போது ஓட்டுநர் இருக்கையில் லைசென்ஸ் உள்ள ஒருவர் இருக்க வேண்டும், அல்லது இன்ஜினை நிறுத்திப் பிரேக் போட்டு, தானாக உருளாதபடி செய்திருக்க வேண்டும் என்கிறது. பாட்டி பின்சீட்டில் இருக்கிறார். லைசென்ஸ் இல்லை. ஏட்டய்யா கண்ணாடியைத் தட்டினால் "எம் மவன் இந்தா வந்துருவான்யா" என்பதைத் தவிர அவரால் வண்டியை ஓர் அங்குலம் நகர்த்த முடியாது. ஏசிக்காக இன்ஜினும் ஓடிக்கொண்டிருந்தால் பிரிவு 126-இன் இரண்டு பாதியும் ஒருசேர மீறப்பட்டுவிடும். மேலும், அந்தப் பிரிவு வண்டி உருண்டுவிடக் கூடாதே என்பதற்காக எழுதியது. இடைஞ்சலாக நிற்பதைப் பற்றிப் பேசுவது பிரிவு 122. அங்கே ஆள் இருந்தால் பரவாயில்லை என்ற பேச்சே இல்லை.

தண்டமும் அம்மன் காசும்

தொகையைப் பற்றி. பொதுவான குற்றங்களுக்கான பிரிவு 177-இல் பழைய தண்டம் 100 ரூபாய், மறுமுறை 300. 2019-இல் சட்டத்தைத் திருத்தி முதல் முறைக்கு 500, மறுமுறைக்கு 1,500 என்று உச்சவரம்பை உயர்த்தினார்கள். தமிழ்நாடு மூன்று வருஷம் யோசித்து, 2022 அக்டோபரில் புதிய தொகைகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிரிவு 201 தனி. வண்டியைப் போட்டுப் போக்குவரத்தை அடைப்பவருக்கு அதில் 500 ரூபாய் வரை. முன்பு அது மணிக்கு 50 ரூபாய் என்று இருந்தது. மணிக்கணக்கு என்றதும் அதை வாடகை என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகச் சினிமாவுக்குப் போனவர்கள் இருந்திருக்கலாம்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இத்தொகை விளங்க வேண்டுமானால் சமஸ்தான நாணயத்தில் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் விஜய என்று பொறித்த அம்மன் காசு, அணாவில் இருபதில் ஒரு பங்கு. ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆக ரூபாய்க்கு 320 காசு. முதல் முறை தண்டம் ஒரு லட்சத்து அறுபதாயிரம் அம்மன் காசு. நவராத்திரியில் அரண்மனை அரிசியோடு சேர்த்துத் தானமாகக் கொடுத்த காசு அது. ஒரு ஸ்கூட்டி நாலடி தள்ளி நின்ற குற்றத்துக்கு எத்தனை நவராத்திரி அரிசி வாங்க வேண்டியிருக்கும் என்ற கணக்கை நாணயவியலார் பார்த்துக்கொள்ளட்டும்.

உலகில் நிறுத்தத்துக்குக் காசு வாங்கும் வழக்கம் முறைப்படித் தொடங்கியது 1935 ஜூலையில், அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில். முதல் பார்க்கிங் மீட்டர், மணிக்கு ஐந்து சென்ட். நம்மூரில் அதே தத்துவம் ஸ்டாண்டு டோக்கனாக நிற்கிறது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்டாண்டில் போட்டால் சில்லறையோடு முடிகிற காரியம். ஆனால் அங்கிருந்து கடைக்கு நடக்க வேண்டுமே. கடை வாசலிலேயே இறங்க முடியாதென்றால் வண்டி எதற்கு வாங்கினோம்?

டொனால்ட் ஷூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இலவச நிறுத்தத்தின் விலை பற்றி 2005-இல் தடித்த புத்தகம் ஒன்று எழுதினார். கார்கள் தம் ஆயுளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நேரம் சும்மா நிற்கின்றன என்பது அவர் பிரபலமாக்கிய கணக்கு. ஷோரூமில் நாம் கேட்பதெல்லாம் மீதி ஐந்து பங்கைப் பற்றித்தான்: மைலேஜ் எவ்வளவு, பிக்கப் எப்படி. எங்கே நிறுத்துவது என்று கேட்டவர் கிடையாது. இந்த மாவட்டத்தில் அதைக் கேட்டுவிட்டு வண்டி செய்தவர்கள் கோயில்காரர்கள் மட்டும்தான். நார்த்தாமலையானாலும் திருக்கோகர்ணமானாலும் தேருக்கு நிலை என்று ஓர் இடம் உண்டு. கிளம்பும்போதே திரும்பி வந்து நிற்க வேண்டிய இடம் தெரியும். வழியில் எங்கே நின்றாலும் முட்டுக்கட்டைக்காரர்கள் சக்கரத்தடியில் கட்டை போட்டுவிடுவார்கள். பிரிவு 126-க்கு அதைவிட ஒழுங்கான கீழ்ப்படிதல் இல்லை. நிலைக்கு வந்து சேர்ந்தபின் தகரம் போட்டு மூடி அடுத்த திருவிழா வரை தொடமாட்டார்கள்.

தேர் என்றதும் பாரியைக் கேட்பார்கள். பொன்னமராவதியிலிருந்து மாவட்ட எல்லையைத் தாண்டினால் பிரான்மலை, அதுதான் பறம்பு. அங்கே ஒரு முல்லைக்கொடிக்காகத் தேரைப் பொது இடத்தில் விட்டுவிட்டு நடந்தே வீடு திரும்பியது பத்து மணி நேர விதியின் கீழ் வருமா? வராது. சட்டம் மோட்டார் வாகனத்துக்கு மட்டும்தான். இயந்திரத்தால் ஓடாத எதற்கும் இந்த 500 ரூபாய் கிடையாது.

அதே விலக்கு சைக்கிளுக்கும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதி ஊரே அறிந்த கதையாயிற்று. கல் குவாரிக்கும் வயலுக்கும் அவர்கள் ஓட்டிப் போன சைக்கிளை எந்த வேப்பமரத்தில் சாய்த்து வைத்தாலும் கேட்பாரில்லை. அவர்களுடைய மகள்கள் இப்போது ஸ்கூட்டியில் வருகிறார்கள். வேப்பமரத்தில் சாய்க்க முடியாது, சென்டர் ஸ்டாண்டு போட இடுப்பு வலிக்கிறது, சைடு ஸ்டாண்டு போட்டால் முக்கால் அடி கூடுதலாகத் தெருவில் நிற்கிறது.

அண்மைக்காலப் போக்குகள்

முன்பெல்லாம் தண்டம் நேருக்கு நேர் வரும். பேசலாம், கெஞ்சலாம், சொந்த ஊர் எது என்று விசாரித்து உறவு கண்டுபிடிக்கலாம். இப்போது நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து இ-சலான் போட்டுவிடுகிறார்கள். டிஎன் 55 என்று தொடங்கும் ஒரு வரி செல்போனில் வந்து விழுகிறது. கேமரா போன்ற மின்னணுக் கருவி வழியாகப் பதிவான குற்றமென்றால் 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று 2021-இல் மத்திய விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது எட்டு வருஷத்துக்கு முன்பு தூக்கிப்போட்ட சிம் நம்பராக இருந்தால், அறிவிப்பு ஊர் பேர் தெரியாத யாருக்கோ போய்ச் சேரும். அவரும் பயந்து அழித்துவிடுவார். பணம் கட்டாத சலான் நீதிமன்றத்துக்குப் போகும். நம்பரைப் பரிவாகன் தளத்தில் மாற்றி வைப்பது, இந்த ஆராய்ச்சியிலிருந்து யாராவது ஏதாவது செய்வதென்றால் செய்யத்தக்க காரியம்.

இதைவிடச் சிக்கலானது இரவல் வண்டி. சலான் வண்டியின் பேரில் வருகிறது. வண்டி அன்றைக்கு மச்சானிடம் இருந்தது. அறந்தாங்கியில் பத்திரிகை வைக்கப் போயிருந்தார். பஸ் ஸ்டாண்டு எதிரே, வளைவில், நாலு பக்க இண்டிகேட்டர் எரிய, பின்சீட்டில் பாட்டியோடு நிறுத்தியிருந்ததற்குப் படமே இருக்கிறது. பிரிவு 133-இன்படி, காவல் அதிகாரி கேட்டால் வண்டியை ஓட்டியவர் யார் என்பதை உரிமையாளர் சொல்லியாக வேண்டும். மச்சானைக் காட்டிக்கொடுக்கச் சட்டம் ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது என்று பொருள். அந்த வழியைப் பயன்படுத்திய உரிமையாளர் எவரும் கள ஆய்வில் அகப்படவில்லை. விசாரித்தவரையில், எல்லோரும் தாங்களே கட்டிவிட்டு, அடுத்த வாரம் மச்சான் சாவி கேட்டு வந்தபோது வண்டி சர்வீசுக்குப் போயிருக்கிறது என்றார்கள். வண்டி அப்போது வாசலில், பக்கத்து வீட்டு கேட்டை மறித்துக்கொண்டு நின்றது.